வீடியோ ஓடுது, கிளாஸ் நடக்குதா?

இந்த எபிசோடும் வள்ளூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியிலிருந்துதான். எதிர்ல அனல்மின் நிலையத்தோட புகைபோக்கி தெரியுது.

நாலு வருஷம் முன்னாடி இதே இடத்துல உக்காந்துதான் 12 வார ஆன்லைன் கோர்ஸ் ஒண்ணு ஆரம்பிச்சேன். நாலாவது வாரமே நிறுத்திட்டேன். வீடியோவை 1.5 வேகத்துல ஓட விட்டுட்டு, படிச்சாச்சுன்னு நம்பிக்கிட்டேன். அசைன்மென்ட்டைத் திறந்தா ஒண்ணும் ஓடல. சோம்பேறித்தனம்னு என்னையே திட்டிக்கிட்டேன். அது பாதி உண்மைதான்.

மீதி பாதி என்ன? தொலைதூரக் கல்வி பற்றி ஆராய்ந்த மைக்கேல் மூர், 1989-லேயே மூணு உறவுகளைப் பிரிச்சுச் சொன்னார்: மாணவர் பாடத்தோட, ஆசிரியரோட, கூடப் படிக்கிறவங்களோட. என்கிட்ட இருந்தது முதலாவது மட்டும். அதுவும் அரைகுறை.

2012-ல எம்ஐடி நடத்திய மின்சுற்றுக் கோர்ஸை எடுத்துக்குங்க. பதிவு பண்ணவங்க சுமார் 1,55,000 பேர். சான்றிதழ் வாங்கினவங்க 7,157 பேர். நூத்துக்கு அஞ்சு பேர்கூட இல்ல. அதை ஆராய்ந்தப்போ, நேர்ல இன்னொருத்தரோட சேர்ந்து படிச்சவங்களுக்கு, தனியா படிச்சவங்களைவிட கிட்டத்தட்ட 3 மதிப்பெண் கூடுதலா வரும்னு கணக்கு காட்டுச்சு. சேர்ந்து படிச்சதுதான் காரணம்னு இதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா யோசிக்க வைக்குது இல்ல?

நம்ம ஊர் என்பிடெல்லை ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துறாங்க. வாராவார அசைன்மென்ட்டுக்கு 25, நேர்ல எழுதுற தேர்வுக்கு 75 மதிப்பெண். கெடு தேதி நம்மளை உக்கார வைக்கும். ஆனா கூடப் படிக்க ஆள நாமதான் தேடணும்.

ரெண்டாவது முறை நான் தேடினேன். தெருக்கோடி நண்பன், டிப்ளமோ முடிச்சவன், கன்டெய்னர் யார்டுல ஷிப்ட் வேலை. ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காருவோம். வீடியோ பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஒரு விஷயத்தைப் பேப்பர்ல எழுதி விளக்கணும். நான் ரிகர்ஷனை விளக்கினேன். "புரியல மச்சான், அது எங்க நிக்கும்?"னு கேட்டான். பதில் சொல்ல வரல. எனக்கே புரியலன்னு அப்பத்தான் தெரிஞ்சது. வீடியோ இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்டதே இல்ல.

நான் பாஸ். அவனுக்குத் தேர்வு அன்னிக்கு ஷிப்ட் விழுந்துடுச்சு, எழுத முடியல. எனக்குப் புரிய வச்சவன் கையில சான்றிதழ் இல்ல. இப்போ மறுபடி பதிவு பண்ணியிருக்கான். ஞாயிறு சாயங்காலம் நானும் கூட உக்கார்றேன்.

நீங்க பாதியில விட்ட கோர்ஸ் ஏதாவது இருந்தா, அடுத்த வீடியோவைப் போடுறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு மெசேஜ் போடுங்க: "ஞாயிறு ஃப்ரீயா?" அவ்ளோதான். அடுத்த வாரம் பார்ப்போம்.