நாலு பேர் பேச்சுக்கு நாற்பது பேர் துணை

கனவைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருபவர்களைக் கேளுங்கள். நேரமில்லை, கையில் காசில்லை, வயசாகிவிட்டது, வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள். எந்த ஊரில் கேட்டாலும் பதில்கள் இவைதான். தன்னம்பிக்கை மேடைகளில் இவற்றுக்கெல்லாம் ஒரே பெயர்: சாக்குப்போக்கு. மனசு வைத்தால் போதும், பயம் பறந்துவிடும் என்கிறார்கள். பயம் அப்படிப் பறப்பதில்லை. அது எப்படிப் போகும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் ஒரு தலைமுறைக்கு முன்பே காட்டிவிட்டது.

1991-ல் அங்கே எழுத்தறிவு இயக்கமான அறிவொளியின் வகுப்புகள் தொடங்கியபோது தொண்டர்களாக வந்தவர்களில் பெண்கள் ஏராளம். வானம் பார்த்த பூமி, தள்ளித் தள்ளி ஊர்கள், எப்போதாவது வரும் பஸ். மாலை வகுப்புக்குப் பக்கத்து ஊர் போவதென்றால் அப்பாவோ அண்ணனோ கணவரோ கொண்டுபோய் விட வேண்டும். அவர்களுக்கு வேலை வந்துவிட்டால் அன்றைய வகுப்பு இல்லை. எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்ற முடிவு இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது.

அன்றைக்குக் கிராமத்துப் பெண் சைக்கிள் ஏறுவது சாதாரணமில்லை. கிண்டல் பேச்சு வாசலிலேயே காத்து நின்றது. ஆனாலும் வயல்வேலை செய்பவர்கள், கல் குவாரித் தொழிலாளிகள், கிராம சுகாதார செவிலியர்கள் முதலில் ஏறினார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியைகளும் பின்தொடர்ந்தார்கள். கற்ற சைக்கிள் திறமையைக் காட்டும் பொது நிகழ்ச்சிகளில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டதாக அன்றைய பத்திரிகைப் பதிவுகள் சொல்கின்றன. வியந்துபோன யுனிசெஃப், அறிவொளிப் பெண்களுக்காக 50 மொபெட்டுகளுக்கு ஒப்புதல் தந்தது. பின்னாளில் வடஇந்தியப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இந்தக் கதையைப் படித்தார்கள்.

இத்தனை பெண்களுக்கும் ஒரே நாளில் துணிச்சல் வந்துவிட்டதா? அவர்கள் சொல்லியிருக்கக்கூடிய ஒவ்வொரு காரணத்தையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு யாரோ முடித்துக்கொடுத்தார்கள். நேரமில்லையா, வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில் பயிற்சி முகாம். காசில்லையா, சைக்கிள் வாங்க வங்கிக் கடன். வெட்கமா, சொல்லிக்கொடுக்கப் பெண்களே வந்தார்கள். சைக்கிள் கற்கச் சொல்லும் பாட்டு ஒன்று ஊர் ஊராகப் பரவியது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறினார்கள். குழந்தையை முன்னால் உட்கார வைக்க அந்தப் பார் வசதியாக இருப்பதையும் கண்டுகொண்டார்கள். கேரியரில் தண்ணீர்க் குடம் ஏறியது, சந்தைக்குப் போகும் காய்கறி ஏறியது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் கைக்கு மிஞ்சியது.

எல்லாவற்றையும்விட முக்கியம், யாரும் தனியாக விழவில்லை. மைதானத்தில் நாற்பது பெண்கள் ஒன்றாகக் கற்கும்போது ஒருத்தி விழுந்தால் மற்றவர்கள் தூக்கி விடுவார்கள். தனியாக ஓட்டுகிறவளைப் பார்த்துச் சிரிக்கும் ஊர், மனைவியும் மகளும் மருமகளும் சேர்ந்து ஓட்டும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கும்? நாலு பேர் பேச்சு அடங்கியது அங்கேதான்.

பீகாரிலும் இதுவே நடந்தது. 2006-ல் அந்த மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஒரு வகுப்பில் எல்லாப் பெண்களுக்கும் சைக்கிள் கிடைத்ததால் கும்பலாகப் போனார்கள், கும்பலாகத் திரும்பினார்கள். பெற்றோரின் பயம் குறைந்ததற்கு அதுவும் காரணம்.

துணிச்சல் ஒருவருடைய பிறவிக் குணம், தனியாக நின்று ஜெயித்தவர்கள் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறார்கள், அவர்களை வணங்க வேண்டும். ஆனால் அபூர்வமானவர்களை அளவுகோலாக வைத்தால் மற்ற எல்லோரும் குற்றவாளிகள் ஆகிவிடுவார்கள்.

என் கவலை இதுதான். இன்றைக்குக் கனவு தனியாள் விவகாரமாகிவிட்டது. நாற்பது வயதில் ஸ்கூட்டர் பழக நினைக்கும் பெண், யார் கண்ணிலும் படாத விடிகாலையில் காலித் தெருவைத் தேடிப் போகிறாள். விட்ட பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத நினைப்பவள், மகளின் புத்தகத்தை எல்லோரும் தூங்கிய பிறகு திறக்கிறாள். துணைக்கு இருப்பது செல்போனில் ஓடும் மூன்று நிமிட உற்சாகப் பேச்சு. அது ‘உன்னால் முடியும்’ என்று சொல்கிறது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், இரவு வகுப்பு முடிந்து எப்படித் திரும்புவது என்று கேட்பதில்லை. முயற்சி பாதியில் நின்றால் பழியும் அவள் தலையில்தான் விழுகிறது. ‘எனக்குத்தான் மனவலிமை போதவில்லை’ என்று நம்பிவிடுகிறாள். பழைய பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ள, அடுத்த முயற்சி வருவதே இல்லை. எத்தனை வீடுகளில் இப்படிக் கனவுகள் முடிந்துபோகின்றன என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

கூட்டம் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. பெண்கள் கூடுகிறார்கள், சேமிப்பைக் கட்டுகிறார்கள், கடனைப் பேசுகிறார்கள், கலைகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இன்னொரு அரைமணி நேரம் இருக்கட்டும். யாருக்கு என்ன கற்க ஆசை என்று கேளுங்கள். நீச்சலா, கார் ஓட்டுவதா, விட்ட படிப்பா, தையல் கடையா? தடுப்பது எது என்றும் கேளுங்கள். வரும் பதிலைச் சாக்கு என்று ஒதுக்காமல் நோட்டில் எழுதுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் ஆளுக்கொரு நாள் முறை போடலாம். போய்வரப் பயம் என்றால் இரண்டு பேர் ஒன்றாகச் சேரலாம். பள்ளி மைதானத்தை ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கலாம்.

இந்த வாரம் உங்கள் கனவை எழுதிப் பார்ப்பதாக இருந்தால், அதன் கீழே இரண்டு பெயர்களையும் எழுதுங்கள்: உங்களோடு சேர்ந்து கற்கப் போகிறவர் ஒருவர், நீங்கள் இல்லாத நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் ஒருவர். அந்த இருவரிடமும் இன்றே பேசுங்கள்.