பகுதியில் மாறி அமைந்த சமன்பாடுகள்

பின்னத்தில் கோட்டின் மேலே நிற்பது தொகுதி. கீழே நிற்பது பகுதி. மதிப்பு அறியப்படாத எண்ணைக் குறிக்கும் எழுத்து மாறி எனப்படும். தொலைவை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும். ஆகவே, வேகம் தெரியாத கணக்குகளில் மாறி பகுதியில் வந்து அமைகிறது.

ஒருவர் 6 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்தைக்கு நடந்து செல்கிறார். மிதிவண்டியில் சென்றால் அவரது வேகம் மும்மடங்காகும். பயண நேரம் 1 மணி குறையும். நடைவேகம் மணிக்கு வ கிலோமீட்டர் என்க.

6/வ − 6/(3வ) = 1

பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு 3வ. ஒவ்வோர் உறுப்பையும் அதனால் பெருக்கினால் பின்னங்கள் நீங்கும்.

18 − 6 = 3வ
வ = 4

சரிபார்த்தல்: நடந்து செல்ல ஒன்றரை மணி, மிதிவண்டியில் செல்ல அரை மணி. வேறுபாடு 1 மணி. விடை பொருந்துகிறது.

எனினும், படிகள் யாவும் முறையாக அமைந்தும் விடை பொருந்தாமற் போவதுண்டு.

க/(க − 3) = 2 + 3/(க − 3)

இருபுறமும் (க − 3) ஆல் பெருக்க,

க = 2(க − 3) + 3
க = 2க − 3
க = 3

இதனை முதற் சமன்பாட்டில் இட்டால் பகுதி சுழியமாகிறது. சுழியத்தால் வகுத்தல் இயலாது. 6ஐச் சுழியத்தால் வகுக்க இயலுமெனில், அந்த ஈவைச் சுழியத்தால் பெருக்கும்போது 6 வரவேண்டும். அத்தகைய எண் இல்லை. ஆகவே, இச்சமன்பாட்டிற்குத் தீர்வு இல்லை.

பொருந்தாத விடை எவ்வாறு நுழைந்தது? 5உம் 7உம் சமமல்ல. ஆயினும் இரண்டையும் சுழியத்தால் பெருக்கினால் இருபுறமும் 0 ஆகிவிடும். க = 3 எனில், (க − 3) ஆல் பெருக்குவதும் சுழியத்தால் பெருக்குவதே. சமமல்லாதவற்றையும் சமமாகக் காட்டுவது சுழியத்தின் இயல்பு.

இச்சிக்கல் இந்தியக் கணித அறிஞர்களையும் நெடுங்காலம் சிந்திக்க வைத்தது. பிரம்மகுப்தர் கி.பி. 628இல் இயற்றிய நூலில், சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியமே என்றார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், சுழியத்தைப் பகுதியாகக் கொண்ட எண்ணை முடிவில்லாதது எனக் கருதினார். இக்காலக் கணிதமோ அவ்வகுத்தலுக்கு மதிப்பு வரையறுக்கப்படவில்லை எனக் கொள்கிறது.

ஆதலின், பகுதியைச் சுழியமாக்கும் மதிப்புகளை முதலிலேயே விலக்கி எழுதுக. பின்னர்ப் பெருக்கித் தீர்வு காண்க. கிடைத்த விடையை முதற் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்த்த பின்னரே அதனைத் தீர்வெனக் கொள்க.