தகரத்துக்கு ஒரு வெள்ளைப் பூச்சு

சென்னைப் புறநகர் முடிச்சூர் பக்கம் அடுக்குமாடி எழும் இடமெல்லாம் ஓரத்தில் கட்டடத் தொழிலாளர் தங்கும் தகரக் கொட்டகைகளும் எழும். கத்திரி வெயிலில் உச்சிப்பொழுதுக்கு அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. கூரையே அடுப்பாகித் தலைமேல் அனலைக் கொட்டும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிவிடும். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. ஆனால் கொட்டகைக்கான முதல் மருந்து வாளிச் சுண்ணாம்பும் மட்டையும்தான். வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சூடான பிறகு விரட்டுவதைவிட ஏறவிடாமல் தடுப்பது எளிது.

மழையில் கரைந்துவிடுமே என்பார்கள். கரையட்டும், இங்கே பெருமழை ஐப்பசியில், வேக்காடு சித்திரை வைகாசியில். பங்குனியில் பூசினால் வேண்டிய நாளுக்கு நிற்கும், வஜ்ரப்பசை கலந்தால் இன்னும் பிடிக்கும். கீற்று வேய்ந்தால் போதாதா என்பது கனமான கேள்வி. கீற்று குளுமைதான், ஆனால் 2004-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறித்த தீ கீற்றுக் கூரையில்தான் பரவியது. ஒரே கொட்டகைக்குள் சமைத்துத் தூங்குகிறவர்களுக்குக் கீற்றைச் சொல்ல மனம் வராது. அதற்குப் பதில் ஒரு சாண் இடைவெளி விட்டு மேலே இன்னொரு தகரம் போடலாம்: மேல்தகரம் வெயிலை வாங்கும், இடையில் ஓடும் காற்று சூட்டை அள்ளிப்போகும். ஈரச்சாக்கு வேலூர் வறட்சியில் பலிக்கும் அளவுக்குக் கடலோரப் புழுக்கத்தில் பலிக்காது. பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுக்கு எதிரெதிரே இரண்டு திறப்பு வைப்பதே மேல். தகரத்துக்கும் ஒரு நல்ல குணம் உண்டு: பொழுது சாய்ந்ததும், கான்கிரீட்டைப் போலல்லாமல், சீக்கிரம் ஆறிவிடும்.