குணத்தை அளக்கும் கோல் எது?

போர்ட் பிளேர் நகரின் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) மரைன் ஹில் பகுதியில் தமிழும் வங்கமும் தெலுங்கும் இந்தியும் ஒருங்கே ஒலிக்கும். பல இனத்தார் கூடி வாழுமிடத்தில், ‘இவர் கோபக்காரர், அவர் சாது’ என்று அயலாரை ஒரு சொல்லில் மதிப்பிடுவது மனித இயல்பு. அம்மதிப்பீடு எத்துணை உண்மையானது? அந்தமான் வரலாறே இதற்குச் சான்று பகரும்.

இத்தீவுகளின் தொல்குடியினருள் ஒரு பிரிவினர் ஜாரவாக்கள். இப்பெயர் அண்டைக் குடியினர் இட்டது. ‘அயலார்’ எனப் பொருள்படுவது. அவர்கள் தம்மை ‘ஆங்’ என்றே அழைத்துக் கொள்வர். 1858-இல் தொடங்கிய கைதிகள் குடியேற்றம் விரிய விரிய, காட்டைக் காக்க அவர்கள் அம்பெய்தனர். பழைய அரசாங்கக் குறிப்புகள் அவர்களைப் ‘பகைமைக் குணத்தினர்’ என்று எழுதி வைத்தன. 1996-இல் கால் முறிந்த ஜாரவாச் சிறுவன் ஒருவன் போர்ட் பிளேரில் சிகிச்சை பெற்றுத் திரும்பினான். 1997 இறுதியிலிருந்து பலர் ஆயுதமின்றிப் பகலிலேயே ஊர்களுக்கு வரலாயினர். மாறியது குணமன்று, சூழ்நிலையே எனலாம்.

உளவியலாரும் இத்தகைய இடர்ப்பாட்டைக் கண்டுள்ளனர். மனித இயல்பை ஐந்து பெருங்கூறுகளாக வகுக்கும் முறை பல நாடுகளில் வழங்குகிறது. ஆயினும், பொலிவியா நாட்டுச் சிமானே மக்களுள் 632 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியான முடிவில், அவ்வைந்து கூறுகள் அவர்களிடம் தெளிவாகப் புலப்படவில்லை. 49 பண்பாடுகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான கட்டுரை, ஒரு நாட்டாரின் குணம் பற்றிய பொதுக் கருத்து அந்நாட்டு மக்களின் உண்மையான இயல்போடு பொருந்துவதில்லை எனக் காட்டியது. மேலும், ‘நான் கடின உழைப்பாளியா?’ என்ற வினாவுக்கு விடையளிக்கும் ஒருவர், தம் சுற்றத்தாரோடு தம்மை ஒப்பிட்டே விடையளிப்பர். சுற்றம் மாறின், அளவுகோலும் மாறும். ஆகவே இரு நாட்டாரின் மதிப்பெண்களை நேராக ஒப்பிடுதல் முறையாகாது.

இது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. ‘பகைவர்’ என்ற முத்திரை துப்பாக்கிக்கு வழி வகுத்தது. ‘நட்புடையோர்’ என்ற முத்திரையும் தீங்கற்றதன்று. வெளியார் நெருக்கம் மிகுந்தபின், 1999-இல் ஜாரவாக்களிடையே தட்டம்மை பரவிற்று. அவர்கள் வாழ்வில் இயன்றவரை தலையிடாமை என்னும் கொள்கையை அரசாங்கம் 2004-இல் அறிவித்தது. பிறரை அளக்கப் புகுமுன் நம் கோலை முதலில் சோதித்தல் அறிவியலுக்கும் அறத்திற்கும் பொதுவான கடமையாகும்.