வேங்கடத்தைச் சுற்றி இரண்டு நாள்

ஆங்கில நாட்டில் குடியேறிய நம்மவர் பலர், ஓய்வு நாட்களில் பிள்ளைகளுடன் நாட்டுப்புறம் சென்று வருகின்றனர். அங்கே ஒரு பாரிஷ் என்றால் நடுவில் பழைய தேவாலயம், அதனை ஒட்டிக் கல்லறைத் தோட்டம், எதிரே பப் என்னும் மதுச்சாலை. மூன்றுமே பல நூற்றாண்டுக் கதை சொல்லும். பிள்ளைகளும் ஆவலுடன் கேட்பர். இதனை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் அதே பிள்ளைகளைத் தாயகம் அழைத்துச் செல்லும்போது நாம் செய்வது என்ன? சென்னையில் வண்டி ஏறுகிறோம். திருமலையில் வரிசையில் நின்று பெருமாளைச் சேவிக்கிறோம். லட்டுப் பொட்டலத்துடன் அன்றிரவே திரும்பிவிடுகிறோம். சுற்றிலும் உள்ள சரித்திர பூமி வண்டியின் சன்னலோடு போய்விடுகிறது. அடுத்த விடுமுறையில் இன்னும் இரண்டு நாளை இதற்கென ஒதுக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தமிழ் வழங்கிய நிலத்துக்கு வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பது இவ்வேங்கட மலையையே. மலைமேல் உள்ள கோயிலிலும் சுற்றுக் கோயில்களிலும் கண்டெடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாமவை என்னும் பல்லவ குலப் பெருமாட்டி அளித்த சிறிய வெள்ளித் திருமேனிக்கு இன்றும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது. அக்கொடையைச் சொல்லும் சாசனமும் தமிழே. பிற்காலத்தில் கிருஷ்ணதேவராயர் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் செப்புப் படிமங்களையும் அங்கே காணலாம்.

மலையிலிருந்து இறங்கியவுடன் சந்திரகிரிக்குச் செல்க. திருப்பதியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் வீழ்ந்த விஜயநகர அரசு பெனுகொண்டைக்குப் பின் இங்கே தலைநகர் அமைத்தது. கோட்டைக்குள் நிற்கும் ராஜமஹால் மூன்று நிலை மாளிகை. மரம் கலவாமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. இப்போது தொல்பொருள் துறையின் காட்சிச்சாலையாக விளங்குகிறது. 1639-இல் ஆங்கிலக் கம்பெனிக்குக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அதுவே சென்னைப் பட்டினமாக வளர்ந்தது. அந்த மானியம் இம்மாளிகையில் உறுதி செய்யப்பட்டது என்பது வழிவழி வந்த செய்தி. சென்னையிலிருந்து வந்தவர்கள் ஒரு நிமிஷம் அங்கே நின்று யோசிக்கத்தக்கது.

நம் நெஞ்சை மிகவும் கவர்ந்தது குடிமல்லம். ஏர்ப்பேட்டை அருகே சுவர்ணமுகி ஆற்றை அடுத்த சிற்றூர். பெரிய கடைத்தெரு ஒன்றும் இல்லை. கருவறை தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதனுள் ஏறத்தாழ ஐந்தடி உயர லிங்கம். அதன் முகப்பிலேயே சிவபெருமான் ஒரு குள்ள உருவின் தோள்மீது நிற்கிறார். ஒரு கையில் ஆட்டுக்கிடாய், மற்றொன்றில் சிறு கலயம், தோளில் மழு. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது என்று அறிஞர் பலர் கொள்ளும் இந்த லிங்கத்தை, கோபிநாத ராவ் என்னும் ஆராய்ச்சியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த விமானம் சோழர் காலத்துத் திருப்பணி. சுவரிலே தமிழ் எழுத்துகள். அவற்றில் இவ்வூரின் பழம் பெயர் திருவிப்பிரம்பேடு.

நம்முடன் வந்த ஒன்பது வயதுச் சிறுமி சனிக்கிழமை தோறும் சங்கத்துத் தமிழ் வகுப்புக்கு வேண்டாவெறுப்பாகச் செல்பவள். அவள் சுவரருகே குந்தி, விரலால் தடவித் தடவி, “க, ர... இது ட மாதிரி இருக்கிறதே” என்றாள். ஒரு சொல்லைக்கூட அவளால் முழுமையாகப் படிக்க முடியவில்லை. நம்மாலும் முடியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அவளை வண்டிக்கு அழைத்து வர அரைமணி பிடித்தது.

காளத்தியை அறியாதார் இலர். கண்ணப்பர் கதையைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுக. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய இராசகோபுரம் 2010 மே மாதத்தில் சரிந்து விழுந்தது. இன்று நாம் காண்பது அவ்விடத்தில் எழுந்த புதுக் கோபுரம். ஐந்நூறு ஆண்டு நின்றது ஓர் இரவில் மண்ணாயிற்று. இதனால்தான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்னும் பேச்சு நமக்கு உவப்பதில்லை. அருகில் தொண்டைமானாட்டில், ஆதித்த சோழனுக்காக அவன் மகன் பராந்தகன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. நம் பயணிகள் அதன் வாசலைக்கூட மிதிப்பதில்லை.

சித்தூர்ப் பக்கம் சென்றால் காணிப்பாக்கத்துப் பிள்ளையாரோடு நரசிங்கராயன்பேட்டையையும் நினைவிற் கொள்க. 1782 டிசம்பர் 7-ஆம் நாள் ஹைதர் அலி அங்கே பாசறையில் உயிர் நீத்தார். மலையாளக் கரையில் போரிட்டுக்கொண்டிருந்த திப்பு வந்து சேரும் வரை மரணச் செய்தி படைக்கு மறைக்கப்பட்டது.

தேவாலயங்களும் உண்டு. 1853-இல் அமைந்த அமெரிக்க ஆற்காடு மிஷன் சித்தூரிலும் பணி புரிந்தது. திருப்பதியில் ஜெர்மானிய லுத்தரன் மிஷன் நடத்திய பள்ளியில்தான், திருத்தணியிற் பிறந்த ராதாகிருஷ்ணன் இளமையிற் பயின்றார். மதுச்சாலையை மட்டும் தேட வேண்டாம். திருமலையில் மதுவும் புலாலும் விலக்கு. வழிப்போக்கருக்கு அங்கே பப் செய்த உதவியை இங்கே சத்திரமும் சாவடியும் செய்தன. இன்று காப்பிக் கடை செய்கிறது.

எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி 1960-இல் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆகையால் பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் காளத்தியும் சந்திரகிரியும் சித்தூர் மாவட்டம் என்றிருந்தால் மயங்க வேண்டாம். தெலுங்கு தெரியாதே என்ற கவலையும் வேண்டாம். பல கடைகளில் தமிழிலேயே விலை கேட்கலாம். சிறு கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படுவதால், குடிமல்லத்துக்குக் காலையிலேயே புறப்பட்டுவிடுக. கல்வெட்டுச் சுவரில் வெயில் சாய்வாக விழுவதும் அப்போதுதான்.