அம்பு, கவசம், கம்ப்யூட்டர் கணக்கு

பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள நம் சங்கத்துக் குடும்பங்களில் மாலை நேரம் ஒரு யுத்தம் நடப்பதை அன்பர்கள் கவனித்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் திரையில் குதிரைகள் ஓடும், அம்புகள் பறக்கும், கோட்டைகள் சரியும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999-இல் வந்தது. 2019-இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். இன்னும் மவுசு குறையவில்லை. 2022-இல் நம் ராஜேந்திர சோழனையும் சேர்த்துவிட்டதால் பாட்டிமார்களும் எட்டிப் பார்க்கிறார்கள். நான் எட்டிப் பார்த்தது வேறு காரணத்துக்காக. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடும் ஸ்பிரிங்கோடும் முப்பது வருடங்களுக்கு மேல் பழகியவன் நான். அம்பு பட்டால் கவசம் என்னாகும் என்று இந்த விளையாட்டு எப்படிக் கணக்கிடுகிறது என அறிய ஆசை.

கணக்கு வெகு சுலபம். வில்லாளியின் அம்புக்கு 4 புள்ளி பலம். குதிரை வீரனின் கவசத்துக்கு 2 புள்ளி. நாலில் இரண்டு போனால் மீதி இரண்டு. அவ்வளவு உயிர் குறையும். அவனுக்கு உயிர் 100 புள்ளி. ஆக, இரு பக்கமும் எந்த மேம்பாடும் செய்யாத நிலையில், 50 அம்பு பட்டால் சாய்வான். கவசம் எத்தனை கனமானாலும் அம்புக்கு 1 புள்ளியாவது உண்டு. 49 அம்பு தைத்த பிறகும் அதே வேகத்தில் ஓடி வாள் வீசுவான் என்பது தனி வேடிக்கை.

இரும்பு இப்படிக் கழித்தல் கணக்குப் போடாது. தகடு ஒன்று துளைபடும், இல்லையேல் துளைபடாது. தேவையான சக்திக்குச் சற்றே குறைந்தாலும் அம்பு வழுக்கி ஓடிவிடும். அப்படி நூறு அம்பு வந்தாலும் உள்ளே இருப்பவனுக்கு ஒரு கீறல் இராது. தகட்டின் கனம், எஃகின் தரம், அம்பு விழும் சாய்வு ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. மார்புத் தகட்டைப் புடைப்பாக அடித்து உருவாக்கியதில் ஒரு காரணம் சாய்வுதான். சாய்ந்து விழும் அம்புக்கு அதே தகடு கனம் கூடியதுபோல ஆகிவிடும்.

2019-இல் இங்கிலாந்தில் சில கைவினைஞர்களும் கவச ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இதைச் செய்தே பார்த்தார்கள். 160 பவுண்டு இழுவிசை கொண்ட நெடுவில். நாணை முழுக்க இழுத்துப் பிடிப்பது ஏறக்குறைய ஒரு நெல் மூட்டையின் பாரத்துக்குச் சமம். அந்த எண் கற்பனையல்ல. 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கி எடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ கப்பலில் கிடைத்த விற்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. யூ மரத்தில் செய்தவை. வெளிப்புறத்து வெளிர் மரம் இழுவிசையையும் உட்புறத்து வைர மரம் அழுத்தத்தையும் தாங்கும். இரண்டு உலோகம் சேர்த்த ஸ்பிரிங்கை இயற்கையே செய்து கொடுத்தது போல! சுமார் 80 கிராம் அம்பு, நொடிக்கு 55 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 120 ஜூல், அதாவது 12 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் விழும் அடி. நடுவில் 2.5 மில்லிமீட்டர் கனமிருந்த மார்புத் தகடு அதைத் தாங்கிக்கொண்டது. அம்புகள்தான் சிதறின. சிதறிய சிம்புகள் மேல்நோக்கிக் கழுத்தை நாடிப் பறந்தன. அந்தக் காலத்துக் கவசங்களில் கழுத்துக்குக் கீழே ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அது எதற்கென்று அப்போது நன்றாகவே விளங்கியது.

என் பேரன் பள்ளிக் கட்டுரை ஒன்றில், 1415-இல் அஜின்கோர்ட் போரில் இங்கிலாந்தின் அம்புகள் பிரெஞ்சு வீரர்களின் கவசத்தைச் சல்லடையாகத் துளைத்ததால் வெற்றி கிடைத்தது என்று எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டான். வெற்றி உண்மை, காரணம்தான் இடிக்கிறது. அம்பு குதிரைகளைக் காயப்படுத்தியது. அவை மிரண்டு திரும்பித் தம் படையையே மிதித்தன. நடந்து வந்தவர்கள் முகத்தில் அம்பு பாயாதிருக்கத் தலையைக் குனிந்துகொண்டு, மழையில் ஊறிய உழவு நிலத்தில் கனத்த கவசத்தோடு முழங்கால் புதைய நடந்தார்கள். நெருக்கியடித்து மூச்சு வாங்கி வந்து சேர்ந்தவர்கள் மேல், அம்பு தீர்ந்த வில்லாளிகள் வில்லைப் போட்டுவிட்டுக் கோடரியும் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டு பாய்ந்தார்கள். விளையாட்டில் மேட்டில் நின்றால் கூடுதல் பலம் உண்டு. சேற்றுக்குக் கணக்கே இல்லை. அம்பு தீர்வதுமில்லை. நிஜத்தில் ஒரு கட்டுக்கு 24 அம்புதான்.

அஜின்கோர்ட்டில் வென்ற ஐந்தாம் ஹென்றியே பதினாறு வயது இளவரசனாக இருந்தபோது, 1403-இல் ஷ்ரூஸ்பரி போரில் முகத்தில் அம்பு வாங்கியவர். முனை உள்ளேயே தங்கிவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற வைத்தியர் அதற்கென்றே ஒரு திருகுக் கருவி செய்து, காயத்தைச் சிறிது சிறிதாக அகட்டி, முனையை வெளியே எடுத்தார். அந்தக் கருவி செய்தவர் நம்ம ஜாதி, அதாவது ஒர்க்‌ஷாப் ஜாதி. இளவரசரின் உடம்பில் எத்தனை கவசம் இருந்தும் என்ன, அம்பு தேடியது திறந்த இடத்தைத்தானே.

விளையாட்டுக்காரர்களுக்கு இது தெரியாமலில்லை. அங்கே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறார்கள். கவசத்தை அம்பு துளைக்கவே துளைக்காது என்றால் வில்லாளியை யார் வாங்குவார்? ஓரம்பில் சாவான் என்றால் குதிரை வீரனை யார் வாங்குவார்? ஆகவே இடுக்கில் பாய்ந்தது, குதிரையில் பட்டது, வீணாய்ப் போனது எல்லாவற்றையும் கூட்டிச் சராசரியாக்கி, அம்புக்கு இரண்டு புள்ளி என்று பங்கிட்டுவிட்டார்கள். விடை ஓரளவு சரி. வழிமுறைக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். வில்லாளியின் விலையும் அப்படியே. அங்கே கொஞ்சம் மரமும் பொன்னும் கொடுத்தால் அரை நிமிஷத்தில் ஆள் தயார். நிஜத்தில் அவ்வளவு கனமான வில்லை இழுக்கச் சிறு வயதிலிருந்தே பழக வேண்டும். 1363-இல் மூன்றாம் எட்வர்ட், விடுமுறை நாட்களில் ஆண்கள் வில் பழகியாக வேண்டும் என்று ஆணையே போட்டார்.

செக் நாட்டில் தயாரித்து 2018-இல் வெளிவந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ வேறு தினுசு. கதை நடப்பது பொஹீமியாவில், ஷ்ரூஸ்பரி நடந்த அதே 1403-இல். பஞ்சு வைத்துத் தைத்த சட்டை, சங்கிலிச் சட்டை, தகடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அணிய வேண்டும். வில்லை இழுத்துப் பிடித்தால் தெம்பு குறைந்துகொண்டே போகும். குறிபார்க்கத் திரையில் புள்ளியும் இல்லை. ஒருவர் மட்டுமே ஆடும் விளையாட்டு என்பதால் எதிராளிக்கு நியாயம் பார்க்கும் தொல்லை அவர்களுக்கு இல்லை. பேரன் அரை மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, “தாத்தா, இதுல ஒண்ணுமே பட மாட்டேங்குது” என்று அலுத்துக்கொண்டு, பழைய விளையாட்டுக்கே போய்விட்டான்.