உங்களுக்குத் தெரியுமா? செண்டு என்றால் பந்து!

கல்முனையில் பாடசாலை விழாவென்றால், பிரதம அதிதியை வாசலில் வரவேற்கும் பிள்ளையின் கையில் பூச்செண்டு இருக்கும். காம்புகளைச் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டிய சின்னக் கொத்து.

பழந்தமிழில் 'செண்டு' என்பதற்கு விளையாட்டுப் பந்து என்றும் பொருள் உண்டு. கன்னடர் இன்றும் பந்தைச் 'செண்டு' என்கிறார்கள். மலையாளிகளுக்கோ, நம்மைப் போலவே, பூச்செண்டு. திரண்டு உருண்டு பூக்கும் செண்டுமல்லியைப் பார்த்தால் இரண்டு பொருளும் ஒரே பூவில் தெரியும்.

இன்னொரு செண்டும் உண்டு. திருவிளையாடற் புராணத்தில் உக்கிர பாண்டியன் மேருமலையை அடித்தது செண்டால்தான். பயப்பட வேண்டாம், அது பூங்கொத்தல்ல, ஆயுதம்!

அடுத்த விழா நிகழ்ச்சிநிரலில் 'பொக்கே' வழங்கல் என்று அச்சிடாமல், 'பூச்செண்டு' என்றே போடுங்கள்.